அசையாத இயந்திரத்தின் சூடு

விசைத்தறிக் கூடத்தில் மோட்டார் சுடுவதைக் கண்டு கோவை மாவட்டத்துச் சோமனூரில் யாரும் வியப்பதில்லை. பெல்ட் இழுபடுகிறது, நாடா இடமும் வலமும் பாய்ந்து மோதுகிறது, பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. இவ்வளவும் நடக்கும் இடத்தில் சூடு பிறப்பது இயல்புதான். கூடத்தை ஒட்டிய சிறிய அறையில், பாவுக் கணக்கும் காடா துணி பில்லும் போடும் கம்ப்யூட்டரில் நிலைமை வேறு. அதன் மூளையான புராசசர் ஒரு தபால்தலை அளவே உள்ள சிலிக்கன் சில்லு. அதில் சுழலும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. இருந்தும் அதன்மேல் விசிறி பொருத்தாமல் ஓட்டினால் சில நொடிகளில் தொட முடியாத அளவுக்குச் சூடேறிவிடும்.

இதோடு இன்னொரு புதிரும் உண்டு. மார்கழிக் காலையில் விறுவிறுவென்று ஓடும் அதே கம்ப்யூட்டர், சித்திரை மதியத்தில் தயங்கித் தயங்கி ஓடுகிறது. வைரஸ் புகுந்திருக்கும் என்று சிலரும், பழசாகிவிட்டது என்று சிலரும் சொல்வார்கள். பல நேரங்களில் காரணம் வெயிலும் பஞ்சும்தான். அது எப்படி என்று பார்க்க, மின்சாரம் சில்லுக்குள் நுழைந்து வெப்பமாக வெளியேறும் வரை அதன் கூடவே போக வேண்டும்.

புராசசரைத் தமிழில் ‘செயலி’ என்று எழுதுவதுண்டு. கைபேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப்களுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டதால், குழப்பம் வராதிருக்க இந்த அத்தியாயம் முழுவதும் புராசசர் என்ற சொல்லே வருகிறது.

உள்ளே போன மின்சாரம் எங்கே போகிறது?

மிக்சி தேங்காயை அரைக்கிறது, பம்பு நீரை மேலே ஏற்றுகிறது, விளக்கு ஒளி தருகிறது. புராசசர் தருவது விடை மட்டுமே. விடை என்பது சில இடங்களில் மின்னழுத்தம் இருக்கிறது, சில இடங்களில் இல்லை என்ற அமைப்பு. அந்த அமைப்பு தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றல் பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சிறியது. ஆகவே உள்ளே போகும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். 65 வாட் எடுக்கும் புராசசர், வெப்பக் கணக்கில், 65 வாட் ஹீட்டரேதான். கணக்குப் போட்டாலும் சரி, சினிமா ஓட்டினாலும் சரி, இதில் மாற்றம் இல்லை.

65 வாட் என்பது பெரிய அளவு இல்லை. எட்டு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டைச் சற்றே தாண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் பூட்டிய ஒரே தறி, முழுச் சுமையில், அதே எட்டு மணி நேரத்தில் ஆறு யூனிட்டுக்கு மேல் எடுக்கும். மின்கட்டணத்தை வைத்துப் பார்த்தால் புராசசர் ஒரு பொருட்டே இல்லை. அதன் சிக்கல், அந்த வெப்பம் பிறக்கும் இடம் எவ்வளவு சிறியது என்பதில் இருக்கிறது.

வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 750 வாட், அடித்தகட்டின் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு நான்கு வாட்டுக்கும் குறைவு. புராசசர் சில்லின் பரப்போ ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு சதுர சென்டிமீட்டர். 65 வாட்டை அதில் பங்கிட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 30 முதல் 40 வாட். இஸ்திரிப் பெட்டியைப் போல எட்டு, பத்து மடங்கு செறிவான வெப்பம். பெட்டி துணியைத் தேய்க்க 150, 200 டிகிரிக்குச் சூடாகலாம். புராசசர் 100 டிகிரியைத் தாண்டக் கூடாது. பத்து மடங்கு நெருக்கமாக வெப்பத்தைப் பிறப்பித்துவிட்டு, பாதிச் சூட்டிலேயே நிற்கச் சொல்கிறோம்.

முப்பது தறிகளின் ஆம்பியர்

சோமனூர் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது 230 வோல்ட். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி அதை 12 வோல்ட்டாக இறக்குகிறது. மதர்போர்டில் புராசசரைச் சுற்றி நிற்கும் சிறு பாகங்கள் அதையும் குறைத்து, சில்லுக்குள் விடும்போது ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே கொண்டுவந்து நிறுத்துகின்றன. வோல்ட் குறைந்தால், அதே வாட்டைக் கொடுக்க ஆம்பியர் கூட வேண்டும். 1.1 வோல்ட்டில் 65 வாட் என்றால் ஏறக்குறைய 60 ஆம்பியர்.

மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடும் ஒரு குதிரைத்திறன் தறி மோட்டார் எடுப்பது சுமார் இரண்டு ஆம்பியர். முப்பது தறிகள் கம்பிக்குக் கம்பி இழுக்கும் ஆம்பியர் அத்தனையும் அந்தத் தபால்தலை அளவு சில்லுக்குள் பாய்கிறது. இன்டெல் 12-ஆம் தலைமுறை புராசசர் உட்காரும் சாக்கெட்டில் 1,700 தொடுமுனைகள் உள்ளன. அவற்றில் பெரும் பங்கு தகவலுக்கானதே இல்லை. இந்த ஆம்பியர் உள்ளே வரவும் திரும்பிப் போகவும் ஒதுக்கப்பட்டது.

தொட்டி நிறைகிறது, தொட்டி காலியாகிறது

சில்லுக்குள் இருப்பவை கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு மடை. திறந்தால் மின்சாரம் பாயும், மூடினால் நிற்கும். ஒரு மடை அடுத்த மடையைத் திறக்க, இடையில் உள்ள மிகச் சிறிய ஒரு ‘தொட்டி’ மின்னூட்டத்தால் நிறைய வேண்டும். மூட, அது வடிய வேண்டும். நிறைந்த தொட்டி ‘ஒன்று’, காலித் தொட்டி ‘பூஜ்யம்’. கம்ப்யூட்டர் செய்யும் எல்லாமே இந்த நிறைப்பதும் வடிப்பதும்தான்.

கிணற்றடியில் நிற்கும் சிமெண்டுத் தொட்டி ஒன்றை மனத்தில் வைத்துப் பார்த்தால் ஆற்றல் போகும் வழி தெரியும். பம்பு, நீரைத் தொட்டியின் விளிம்பு உயரத்துக்கு ஏற்றி மேலிருந்து கொட்டுகிறது. முதலில் விழும் நீர் அடிவரை விழுகிறது. அந்த வீழ்ச்சியின் ஆற்றல் வீண். தொட்டி நிறைய நிறைய வீழ்ச்சி குறைகிறது. மொத்தத்தில், பம்பு செலவிட்டதில் பாதி நிறைக்கும்போதே போய்விடுகிறது. மீதிப் பாதி நீராக உயரத்தில் நிற்கிறது. அடியில் உள்ள குழாயைத் திறந்து வடித்ததும் அதுவும் போகிறது. புராசசரில் இந்த நீரைக் கொண்டு யாரும் வயல் பாய்ச்சுவதில்லை. தொட்டி நிறைந்திருக்கிறதா, இல்லையா என்ற செய்திதான் வேண்டும். செய்தி கிடைத்ததும் நீர் கொட்டப்படுகிறது. அந்த வீழ்ச்சிதான் சில்லின் சூடு. கம்பிகளிலும் மடைகளிலும் ஓடும் எலக்ட்ரான்கள் சிலிக்கன், செம்பு அணுக்களில் இடித்து இடித்துப் போகும்போது அந்த ஆற்றல் வெப்பமாகிறது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. தொட்டிகள் எத்தனை என்பது முதலாவது. ஒரு நொடிக்கு எத்தனை தடவை நிறைத்து வடிக்கிறோம் என்பது அடுத்தது. இதற்குத் துடிப்பு வேகம் என்று பெயர் வைக்கலாம். விளம்பரங்களில் கிகாஹெர்ட்ஸ் என்று வருவது இதுதான். நான்கு கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 400 கோடித் துடிப்பு.

மூன்றாவது தொட்டியின் உயரம், அதாவது வோல்ட். மற்ற இரண்டையும்விட இதற்கு வலிமை அதிகம். உயரத்தை இரட்டிப்பாக்கினால் தொட்டிக்கு இருமடங்கு நீர் வேண்டும். அந்த இருமடங்கு நீரையும் இருமடங்கு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். செலவு இரண்டு மடங்கில் நிற்காமல் நான்கு மடங்காகிறது. குறைக்கும்போதும் இதே கணக்கு. 1.2 வோல்ட்டை 0.9 ஆக்கினால், கால் பங்குதான் குறைத்தோம். மின்செலவோ 100-லிருந்து 56 ஆகிவிடுகிறது.

குறைந்த வோல்ட்டில் மடைகள் மெதுவாகத் திறக்கும். அதனால் துடிப்பு வேகத்தையும் கால் பங்கு குறைக்க வேண்டியிருக்கும். அப்போது செலவு 42. முக்கால் வேகத்துக்கு 42 வாட் போதும் என்றால், அப்படி இரண்டு கோர்களை, அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் இரண்டு பகுதிகளை, ஒரே சில்லில் அருகருகே வைத்தால் 84 வாட்டில் ஒன்றரை மடங்கு வேலை நடக்கும். இன்று நான்கு கோர், ஆறு கோர், எட்டு கோர் என்று கடைகளில் சொல்லப்படுவதன் அடிப்படை இந்த எளிய கணக்கு.

மூடிய மடையிலும் கசிவு

வேலையே இல்லாதபோதும் புராசசர் கொஞ்சம் சுடும். மடையை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் வாய்க்காலில் ஈரம் கசிவதுபோல, மூடிய டிரான்சிஸ்டர் வழியாகவும் மின்சாரம் கசிகிறது. ஒன்றில் கசிவது அற்பம். கோடிக்கணக்கானவற்றில் கசிந்தால் பல வாட் ஆகும். சில்லு சூடானால் கசிவும் கூடும். கசிவு கூடினால் இன்னும் சூடாகும். இந்தச் சுழல் கட்டுமீறாமல் பார்த்துக்கொள்வதும் குளிரூட்டலின் வேலை.

கசிவை அடக்கப் பொறியாளர்கள் பட்ட பாடு பெரியது. 2007-ல் இன்டெல், மடையின் காப்புப் படலத்தில் அதுவரை இருந்த சிலிக்கன் ஆக்சைடை விட்டு ஹாஃப்னியம் கலந்த பொருளுக்கு மாறியது. 2012-ல் தட்டையாகக் கிடந்த மின்பாதையை மீன்துடுப்புபோல் நிமிர்த்தி, மூன்று பக்கமும் மடை அணைத்துப் பிடிக்கும் அமைப்புக்கு வந்தது.

சிறிதாக்கினால் குளிரும் என்ற காலம்

1971-ல் வந்த இன்டெல் 4004-ல் 2,300 டிரான்சிஸ்டர்களே இருந்தன. அதற்கு வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கும் இல்லை, விசிறியும் இல்லை. பிறகு எண்ணிக்கை லட்சமாகி, கோடியாகியும் பல ஆண்டுகள் வெப்பம் கட்டுக்குள் நின்றது. காரணத்தை 1974-ல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டும் அவருடைய குழுவினரும் எழுதிக் காட்டினார்கள். டிரான்சிஸ்டரின் நீள அகலத்தைப் பாதியாக்கி, வோல்ட்டையும் பாதியாக்கினால், ஒரே இடத்தில் நான்கு டிரான்சிஸ்டர்கள் அமரும். ஒவ்வொன்றும் முன்பைவிட வேகமாகத் துடித்தாலும் கால் பங்கு மின்சாரமே எடுக்கும். மொத்தச் சூடு மாறாது. ஐந்து வோல்ட்டில் ஓடிய சில்லுகள் 3.3-க்கும், 1.8-க்கும் இறங்கியதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது.

ஒரு வோல்ட்டை நெருங்கியதும் இறக்கம் நின்றது. அதற்குக் கீழே போனால் மடை சரியாக மூடாது, கசிவு பெருக்கெடுக்கும். டிரான்சிஸ்டர் மட்டும் சிறிதாகிக்கொண்டே போக, வோல்ட் நின்றுவிட்டது. விளைவு 2004-ல் வெளிப்படையாகவே தெரிந்தது. 3.8 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4, 115 வாட்டைத் தொட்டிருந்தது. அடுத்து வருவதாகச் சொல்லப்பட்ட நான்கு கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4-ஐ அந்த ஆண்டே இன்டெல் கைவிட்டது. பல கோர்களின் காலம் அங்கிருந்து தொடங்கியது.

வோல்ட்டின் இறக்கம் நின்றதற்குத் தமிழ்நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ புராசசர் 2018-ல் இரண்டு வழிகளில் சில்லானது. ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில். மற்றொன்று மொகாலியில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில். 180 நானோமீட்டர் முறையின் வழக்கமான வோல்ட் 1.8, 22-க்கு ஒரு வோல்ட்டை ஒட்டியது. முறையின் பெயரில் உள்ள அளவு எட்டில் ஒரு பங்காகியும் வோல்ட் பாதிக்குக்கூட இறங்கவில்லை. டெனார்டின் வழி எங்கே முட்டி நின்றது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

சித்திரை மதியத்தின் கணக்கு

சில்லில் பிறந்த வெப்பம் வெளியேறும் பாதை இது: சிலிக்கன், அதன்மேல் செம்பு மூடி, நடுவில் வெப்பப் பசை, பிறகு அலுமினிய இதழ்கள் அடுக்கிய ஹீட் சிங்க், கடைசியில் விசிறி தள்ளும் காற்று. பாதை எவ்வளவு இடுக்கானதோ, அவ்வளவு சூடு பின்னால் தேங்கும். இதை ஒரே எண்ணில் சொல்லலாம்: ஒவ்வொரு வாட்டுக்கும் சில்லு, சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதலாகச் சுடுகிறது? இந்த எண்ணை வெப்பத் தடை என்று அழைக்கலாம்.

எடுத்துக்காட்டாக, 2022-ல் விற்பனைக்கு வந்து பரவலாக ஓடும் இன்டெல் கோர் ஐ5-12400. பெட்டியில் போட்டிருக்கும் அடிப்படை மின்செலவு 65 வாட். வேலை மிகுந்தால் 117 வாட் வரை எடுக்க அதற்கு அனுமதி உண்டு. உச்ச வெப்பம் 100 டிகிரி. அதோடு வரும் விசிறி புதிதாக, சுத்தமாக இருக்கும்போது வெப்பத் தடை வாட்டுக்கு 0.6 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

அறை வெப்பம் 37 டிகிரி. ஓட்டுக் கூரைக்குக் கீழே சித்திரையில் இது சாதாரணம். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் காற்று இன்னும் ஐந்து டிகிரி கூடுதல், 42. புராசசர் 65 வாட் எடுத்தால் அதன்மேல் 39 டிகிரி ஏறும். மொத்தம் 81. ஆபத்தில்லை.

இப்போது அதே விசிறியிலும் இதழ்களிலும் ஓராண்டுப் பஞ்சு அடைத்து, வெப்பத் தடை 0.9 ஆகிவிட்டது என்று கொள்ளலாம். 65 வாட்டுக்கு 58 டிகிரிக்கு மேல் ஏறும். 42-ஓடு சேர்த்தால் 100. வாசலிலேயே வந்து நிற்கிறது.

100-ஐத் தொட்டதும் புராசசர் எரிந்துவிடுவதில்லை. உள்ளே பதித்த வெப்ப உணரிகள் எச்சரிக்க, அது தானாகவே வோல்ட்டையும் துடிப்பு வேகத்தையும் இறக்கிக்கொள்கிறது. இந்தத் தற்காப்பு மந்தம்தான் மேசைக்கு முன்னால் இருப்பவர் காணும் தயக்கம். சுத்தமான விசிறி, 42 டிகிரிக் காற்றிலும், 97 வாட் வரை வெளியேற்ற வழிவிடும். அடைத்த விசிறி விடுவது 64 வாட். மின்செலவு மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்பட்டாலும் வேகம் அவ்வளவு குறையாது. வோல்ட்டும் துடிப்பும் சேர்ந்தே இறங்குவதால், சுமார் 13 விழுக்காட்டு வேகத்தை இழந்து அது சமாளித்துவிடும். விசிறி அநேகமாகச் சுற்றாமல், தடை 2.5 ஆகிவிட்டால் 23 வாட்தான் வெளியேறும். அப்போது பில் பக்கம் திறக்கவே காத்திருக்க வேண்டியிருக்கும்.

குளிரூட்டிய அறையில் 24 டிகிரி, பெட்டிக்குள் 29 என்றால், பஞ்சு அடைத்த விசிறியோடும் 65 வாட்டுக்கு 88 டிகிரியில் நின்றுவிடும். விசிறி சுத்தமாக இருந்தால் 117 வாட்டையும் ஏறத்தாழ 99 டிகிரியில் தாங்கும். பெங்களூர் அலுவலகத்தில் ஒரு வேகமும் சோமனூர்க் கூடத்தில் ஒரு வேகமும் ஒரே மாதிரிக் கம்ப்யூட்டர் காட்டுவதில் மர்மம் இல்லை. பெட்டியில் அச்சிட்ட கிகாஹெர்ட்ஸ் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து நம்பி எழுதிய எண்.

பஞ்சு செய்யும் வேலை

தறி ஓடும் இடத்தில் காற்றில் எப்போதும் நூல் தூசி மிதக்கும். நகரத்துத் தூசி பொடியாக விழும், துடைத்தால் போகும். பஞ்சு இழையாக இருப்பதால் இதழ்களின் விளிம்பில் கொக்கிபோல் மாட்டிக்கொள்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னி, விசிறிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே ஒரு படலம் கட்டுகிறது. விசிறியைக் கழற்றினால் மேலே இறக்கைகள் ஓரளவு சுத்தமாகவே தெரியும். அடியில் சாம்பல் நிறத்தில், பழைய கம்பளித் துண்டைப்போல், நகத்தால் நெம்பினால் ஒரே தகடாகப் பெயர்ந்து வரும். மேலிருந்து பார்த்து ‘சுத்தமாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவிடுவது அதனால்தான்.

படலம் இரண்டு தீங்கு செய்கிறது. காற்றை உள்ளே விடாமல் தடுப்பது பெரிய தீங்கு. நுழையும் கொஞ்சக் காற்றையும் இழைகளுக்குள் சிறைப்பிடித்து வைப்பது அடுத்தது. நகராத காற்று வெப்பத்தை அநேகமாகக் கடத்தாது. செம்பு அதைவிடப் பதினையாயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும். போர்வை உடலைக் காப்பதும் இந்தச் சிறைப்பட்ட காற்றால்தான்.

வெப்பப் பசையின் வேலையும் இதோடு சேர்ந்தது. பளபளவென்று தெரியும் இரண்டு உலோகப் பரப்புகள் உண்மையில் மேடுபள்ளமானவை. சேர்த்து வைத்தால் சில முனைகளே தொடும். மற்ற இடமெல்லாம் காற்று. பசை அந்தப் பள்ளங்களை நிரப்புகிறது. பசை காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தினாலும் செம்புக்குப் பக்கத்தில் நிற்காது. எனவே மெல்லிய பூச்சாக இருந்தால்தான் நல்லது. சில ஆண்டுகளில் காய்ந்து வெடித்துவிட்டால் பழையதைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

கூடத்தைச் சுத்தம் செய்யும் புளோயரையே கம்ப்யூட்டருக்கும் பிடிப்பது வழக்கம். அப்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதும் காற்றில் விசிறி தன் அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும். சுழலும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மதர்போர்டுக்கே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும். பெட்டியை அணைத்து, இணைப்பைப் பிடுங்கி, கூடத்துக்கு வெளியே திண்ணையில் வைத்து ஊதுவது நல்லது. உள்ளே ஊதினால் அடித்த பஞ்சு மறுபடி அதிலேயே வந்து உட்காரும்.

காற்று போதாத இடம்

ஒரு சில்லுக்குக் காற்று போதும். ஆயிரக்கணக்கான சில்லுகளை ஓர் அறையில் அடுக்கினால் போதாது. அறைக்குள் வந்த வெப்பத்தை வெளியே தள்ள ஏசி ஓட வேண்டும். ஏசிக்கும் மின்சாரம் வேண்டும். கணக்குப் போடச் செலவாகும் மின்சாரத்தோடு அந்தச் சூட்டை அகற்றும் மின்சாரமும் சேர்கிறது. அம்பத்தூர், சிறுசேரி பகுதிகளில் எழுந்துள்ள தரவு மையங்களுக்கு, சென்னை வெயிலில், இதுவே முதன்மையான கவலை.

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ மீக்கணினி இதற்கு வேறு வழி எடுத்தது. நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள் போடும் திறன் கொண்டது அது. அதில் திரவத்தை நேரடியாகப் புராசசரின் மேலே பொருத்திய தகட்டுக்குள் ஓடவிட்டு வெப்பத்தை வாங்கிச் செல்கிறார்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி ஏறும்போது வாங்கிக்கொள்ளும் வெப்பத்தை வாங்க, காற்று என்றால் மூவாயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும். அதனால் விசிறிகளின் இரைச்சலும் செலவும் குறைகின்றன.

சோமனூர்க் கூடத்து அறைக்கு அவ்வளவு தேவைப்படாது. ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்குகிறது. மதிய வெப்பம் 30-ஐ ஒட்டி இறங்குகிறது. 0.9 தடை கொண்ட, பஞ்சு அடைத்த அதே விசிறியோடு, 65 வாட்டில் புராசசர் 93 டிகிரியில் நிற்கும். வேகத்தைக் குறைக்க வேண்டிய எல்லைக்கு ஏழு டிகிரி கீழே. சித்திரையில் ‘பழுதாகிவிட்டது’ என்று எண்ணிய கம்ப்யூட்டர், யாரும் தொடாமலேயே ஆனியில் சரியாகிவிட்டதாகத் தோன்றுவது இந்த ஏழு டிகிரியால்தான்.